குனிந்த தலையும் கறுப்புப் பெட்டியும்

போன வெள்ளிக்கிழமை கடைத்தெருவில் ஒரு பெரியவர் என் கேமராவுக்குள் காசு போடப் பார்த்தார்.

துவாரம் எங்கே என்று தடவித் தடவித் தேடினார், பாவம்.

(இந்த நோட்டு நம் பஜனைக் கூட்டத்துப் பெண்களுக்கு மட்டும். வீட்டு ஆண்கள் கையில் சிக்காமல் அடுத்த வீட்டுக்கு அனுப்பவும். ஏன் என்று போகப் போகத் தெரியும்.)

எங்கள் வீட்டுக்காரர் கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி. அவருடைய துரை சீமைக்குத் திரும்பும்போது தன் பழைய பெட்டிக் கேமராவை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இவர் அதை அலமாரியில் வைத்தார். நான் எடுத்தேன். என் குற்றம் அவ்வளவுதான்.

ஒரு ரோலுக்கு எட்டுப் படம். முதல் ரோலில் தெரிந்தவர்களை எடுத்தேன்.

பூக்காரம்மாவிடம் பூக்கட்டும் விரலைத்தான் கேட்டேன்.

"இரு தங்கச்சி, இதோ வந்துட்டேன்."

ஒரு மணி நேரம் கழித்துக் கல்யாணப் பட்டில் வந்தாள். பூக்கூடை படத்தில் விழுந்தால் கௌரவக் குறைச்சல் என்று அதை எட்டத் தள்ளி வைத்தாள். சலவைக்காரர் யாரோ ஒரு வாடிக்கைக்காரரின் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எட்டுப் பேரும் தூக்குமேடைக்குக் கூப்பிட்ட மாதிரி விறைத்திருந்தார்கள்.

வீட்டுக்காரர் பார்த்தார்.

"இது போலீஸ் ஸ்டேஷன்ல ஒட்டுற படம்லா. சரி, இன்னொரு ரோல் வாங்கித் தர்றேன். சட்டம் போட்டு மாட்டுற மாதிரி ஒரே ஒரு படம் இருக்கணும். இல்லன்னா பெட்டி எங்க கேஷியர் வீட்டுக்குப் போயிரும். அவரும் கேட்டுக்கிட்டே இருக்காரு."

பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பெட்டியின் மேலே கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடி ஒன்று உண்டு. ரிக்‌ஷாக்காரர் தன் வண்டியிலேயே கால்மேல் கால் போட்டுத் தூங்குவது அதில் தெரியும். குழாயடியில் குடம் நிரம்பி வழிய வழிய இரண்டு பேர் பேசிக்கொண்டே நிற்பது தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு நின்று எத்தனை நாள் பாலைப் பொங்க விட்டிருக்கிறேன். அதைக் கேஷியருக்குக் கொடுப்பதாம்.

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோவிலுக்குப் போய்விட்டு அப்படியே புறப்பட்டேன். மஞ்சள் புடவை, நெற்றி நிறைய விபூதி, வெயிலுக்குத் தலையில் முந்தானை. பெட்டியை வயிற்றோடு அணைத்து, தலையைக் குனிந்துதான் அந்தக் கண்ணாடியைப் பார்க்க முடியும்.

தைப்பூசத்துக்கு இன்னும் பத்தே நாள். தண்ணீர்மலை முருகன் கோவில் அன்னதானத்துக்கு உண்டியல் ஏந்தும் பெண்கள், மஞ்சள் புடவையில், தெருவுக்கு நாலு பேர்.

புரிந்ததா?

நகைக்கடைக்காரருக்குத் திடீரென்று தராசில் தூசி தெரிந்தது. துணிக்கடைக்காரர் அளந்த துணியையே மறுபடி அளந்தார். மளிகைக்கடை முதலாளி வேலையே செய்ய ஆரம்பித்துவிட்டார் (நான் பார்த்தது அதுவே முதல் முறை). சும்மா இயல்பாக இருங்கள் என்று கெஞ்சியும் கேட்காத ஊர், உண்டியல் என்று நினைத்ததும் அவரவர் வேலையைப் பார்த்தது. நான் ஆனந்தமாகச் சொடுக்கிக்கொண்டே போனேன்.

அந்தப் பெரியவர் ஒருவர்தான் தேடி வந்து கொடுக்கப் பார்த்தவர்.

"ஐயா, இது உண்டியல் இல்ல, கேமரா."

"அப்ப இதுல போட்டா முருகனுக்குப் போவாதா?"

"போகாதுங்க."

"நல்லதாப் போச்சு" என்று காசை மடியில் முடிந்துகொண்டார்.

ஆறாவது படம், துறைமுகத்துப் பக்கம் மரத்தடியில் நாசி கண்டார் என்கிற மீன்குழம்புச் சோறு விற்கும் பாய். கூடைகள் தொங்கும் தோள்கட்டையை இறக்கிவைத்து, கூடையிலிருந்து சோறு அள்ளிக்கொண்டிருந்தார். சுற்றி நாலைந்து பேர் குந்தியிருந்து சாப்பிட்டார்கள். ஒருவர் மட்டும் என்னைக் கண்டதும் குடையை விரித்து முகத்துக்கு நேரே பிடித்தார். நிழலில் குடை எதற்கு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நேற்றுச் சாயங்காலம் வீட்டுக்காரரே ஸ்டூடியோவில் படங்களை வாங்கி வந்தார். நீதிபதி அல்லவா.

இவர் இந்த வருஷம் பால்குடத்துக்கு நேர்ந்துகொண்டு விரதம் இருக்கிறார். சைவம், ஒரு வேளைதான். "வயிறு ஒட்டிப்போச்சுடி" என்று தினமும் சொல்வார். (வேட்டிக்கு மட்டும் அது தெரியவில்லை.)

ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

"ஒருத்தன் மூஞ்சியும் நேரா இல்ல. இவன் குனியிறான், அவன் திரும்புறான். கேஷியரை நாளைக்கு வரச் சொல்லிடவா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் ஆறாவது படம் கைக்கு வந்தது. அதை மட்டும் தள்ளவில்லை.

நானும் எட்டிப் பார்த்தேன்.

குடைக்குப் பின்னால் முகம் இல்லை. ஆனால் குடையின் ஓரத்தில் பிறை வடிவில் வெள்ளை ஒட்டு ஒன்று இருந்தது. கறுப்புத் துணி கிடைக்காமல் என் கையால் நான் போட்ட ஒட்டு. குடைக்குக் கீழே வாழை இலை. இலையில் மீன் தலை. (படத்தில் கேமராவை நேராகப் பார்த்தது அது ஒன்றுதான்.)

எந்தப் படம் எப்போது எடுத்தது என்று நான் குறித்துவைக்கும் படக்கணக்கு நோட்டை எடுத்துப் படித்தேன்.

"ஆறாவது. வெள்ளிக்கிழமை. பகல் பன்னிரண்டரை. நல்ல வெளிச்சம்."

"ஒட்டுப்போட்ட குடை இந்த ஊருல ஆயிரம் இருக்கும்லா."

"இருக்கும்ங்க. ஆயிரத்துக்கும் நான்தான் ஒட்டுப் போட்டிருப்பேன்."

கொஞ்ச நேரம் விசிறிக்கொண்டார்.

"உண்டியல்காரப் பொம்பளைன்னுல்ல நெனச்சேன்" என்றார் மெதுவாக.

"கேஷியர்கிட்ட என்னங்க சொல்லப் போறீங்க?"

"பெட்டி கெட்டுப்போச்சுன்னு சொல்லிடறேன்."

சட்டம் போட்டு மாட்டும்படி ஒரு படம் வேண்டும் என்பதுதானே பேச்சு? பழைய சட்டம் ஒன்றில் பொருத்தி, அவர் சாப்பிட உட்காரும் இடத்துக்கு நேரே மாட்டிவிட்டேன். இன்று மத்தியானம் ஆபீசிலிருந்து வீட்டுக்கே வந்து, ரசமும் அப்பளமுமாகத் தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்தார். விரதம் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. முருகனுக்கு நன்றி. துரைக்கும் நன்றி.

அடுத்த ரோல் கைவசம் இருக்கிறது. எட்டுப் படம். உங்கள் வீட்டுக்காரர் வேலை செய்கிற பக்கம் பகல் பன்னிரண்டரைக்கு நான் வர வேண்டுமானால், கீழே பெயரையும் தெருவையும் எழுதுங்கள்.

குடையில் ஏதாவது அடையாளம் இருந்தால் அதையும்.