மாட்டுச்சாளைக் கொசுவில் மனித ரத்தம்

என்னைப் பெண் பார்க்க வந்த முதல் குடும்பம் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனது. "பொண்ணு என்ன வேலைங்க பாக்குது?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டதற்கு, என் அப்பா கொஞ்சமும் யோசிக்காமல் "கொசு புடிக்குதுங்க" என்று சொல்லிவிட்டார்.

"மலேரியா ஆராய்ச்சியில இருக்குதுன்னு சொல்லக்கூடாதாப்பா?" என்று பிறகு சண்டை போட்டேன்.

"அதுல என்ன பண்ணுதுன்னு கேட்டா மறுக்காவும் கொசுவுக்குத்தான வரோணும்?" என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. விலங்கியல் படித்துவிட்டு, கேரள எல்லையிலுள்ள வடகரப்பதிப் பக்கத்தில் நடந்த ஒரு கூட்டு ஆராய்ச்சியில் களப்பணியாளராகச் சேர்ந்திருந்தேன். மலேரியா குறைந்துவிட்ட இடங்களிலும் அது ஏன் முழுவதுமாகப் போக மறுக்கிறது என்று கண்டுபிடிக்க, கேரளத்து ஆய்வகம் ஒன்றும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இரண்டும் சேர்ந்து நடத்திய வேலை. அதில் என் பங்கு, விடிந்ததும் மாட்டுக் கொட்டகைகளுக்குப் போவது. எங்கள் பக்கம் மாட்டுச்சாளை என்போம். ராத்திரி ரத்தம் குடித்துவிட்டு நகர முடியாமல் சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசுக்களைக் கண்ணாடிக் குழாயால் உறிஞ்சிப் பிடிக்க வேண்டும். உறிஞ்சும் முனை என் வாயில் இருக்கும். கொசு வாய்க்குள் வராமலிருக்க நடுவே சின்ன வலைத் துணி உண்டு. இதை எத்தனை முறை விளக்கினாலும் ஊருக்குள் யாரும் நம்பவில்லை. சாயங்காலம் பஜ்ஜிக் கடைக்குப் போனால், "இன்னும் பசிக்குதா அம்மிணி?" என்று கேட்டார்கள்.

பிடித்த கொசுக்களை வீடு வாரியாகச் சீட்டு ஒட்டி அனுப்புவேன். ஆய்வகத்தில் அதன் வயிற்றிலிருக்கும் ரத்தம் மாட்டுடையதா மனிதனுடையதா என்று பார்ப்பார்கள். அங்கிருந்த விஞ்ஞானி ஒரு மலையாள அம்மையார். நாங்கள் டாக்டர் என்று கூப்பிடுவோம். அவருடன் தான்சானியாவிலிருந்து வந்த ஆராய்ச்சியாளர் ஒருவரும் இருந்தார். சிறு வயதிலிருந்து மலேரியாவைப் பார்த்து வளர்ந்தவர், அதனாலேயே இந்தப் படிப்புக்கு வந்தவர். வந்த ஒரே மாதத்தில் "ஏனுங்க, நல்லாருக்கீங்களா?" என்று பேசப் பழகிவிட்டார். எங்கள் ஊர்க்காரர்கள் பதிலுக்கு அவரிடம் ஆங்கிலத்தில் பேச முயல, இரு தரப்பும் களைத்துப் போகும்.

ஒருநாள் டாக்டர் போனில் கூப்பிட்டார். "மோளே, அந்த ஆறு மாட்டுக்கார வீடு உண்டல்லோ, அவிடத்து லேபிள் மாறிப் போச்சோ?"

"இல்லீங்களே டாக்டர்."

"மாட்டுச்சாளையில பிடிச்ச கொசுவுல பாதிக்கு மேல மனுஷ ரத்தம். ஆறு மாடு நிக்குது, கொசு அதை விட்டுட்டு எங்கே போய் மனுஷனைக் குடிச்சுது?" பிறகு, நான் அழுதுவிடுவேன் என்று நினைத்தோ என்னவோ, "சாரமில்லா, பரவாயில்லை, இன்னொரு தடவை எடு" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கொசு பிடிப்பவள் என்பதால் கல்யாணம் நின்றது. இப்போது கொசுவும் சரியாகப் பிடிக்கத் தெரியாதவள் என்ற பேரும் வந்தால் என்ன மிச்சம்? மறுவாரம் அதே மாட்டுச்சாளைக்குப் போய், ஒவ்வொரு குப்பியிலும் இரண்டு சீட்டு ஒட்டி, அதைப் படமும் எடுத்து அனுப்பினேன். முடிவு மாறவில்லை.

தான்சானியாக்காரர் அதைப் பார்த்துச் சிரித்தாராம். "நம் படிவத்தில் மனிதர்கள் பொய் சொல்லலாம், கொசுவால் முடியாது. அங்கே யாரோ தூங்குகிறார்கள்" என்றாராம்.

அந்த வீட்டில் ஐம்பது வயதை ஒட்டிய கணவனும் மனைவியும் மட்டும்தான். பிள்ளைகள் கோயம்புத்தூரில். கணக்கெடுப்புப் படிவத்தை நிரப்பியபோது அந்த அக்கா தெளிவாகச் சொல்லியிருந்தார்: "ரெண்டு பேரும் ஊட்டுக்குள்ள, கொசுவலைக்குள்ளதானுங்க படுக்கறோம்."

டாக்டர், தான்சானியாக்காரர், நான் மூவரும் ஒரு காலை நேரம் போய் நின்றோம். மாட்டுச்சாளையில் யாராவது படுப்பதுண்டா என்று கேட்டேன். அக்காவின் முகம் இறுகியது. "சாணி நாத்தத்துல எவன் படுப்பான்?" என்றார். பக்கத்தில் நின்ற அவர் கணவர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், திடீரென்று ஒரு மாட்டின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டத் தொடங்கினார்.

தான்சானியாக்காரர் உள்ளே போய்ச் சுவரைக் காட்டினார். தீவனத் தொட்டிக்கு மேலே ஒரு போன் சார்ஜர் தொங்கிக்கொண்டிருந்தது. வைக்கோலுக்குப் பின்னால் சுருட்டிய பாய், தலையணை, சட்டத்தில் சொருகிய ஒரு பல் துலக்கும் பிரஷ்.

"மாடு பல்லு வெளக்குமாங்க?" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

அண்ணன் தரையைப் பார்த்தபடி சொன்னார். "போர் போட்டனுங்க. இவ மேக்கால போடுன்னா, நா கெழக்கால போட்டன். தண்ணி வல்லீங்க. தப்புத்தான். அதுக்குன்னு தினமும் சோறு போடறப்ப, 'நாந்தா அப்பவே சொன்னனே'ன்னா மனுசன் எங்கீங்க போவான்? மாடு அப்படிச் சொல்றதில்லீங்க."

"நா ஒரு தடவதாஞ் சொன்னேன்!" என்றார் அக்கா, என்னைப் பார்த்து.

"ஒரு நாளைக்கு" என்றார் அண்ணன், அவரும் என்னைப் பார்த்து.

இருவரும் ஒருவரோடொருவர் பேசி நாலு மாதமாகிவிட்டதாம். வீட்டு மானம் போகக் கூடாது என்றுதான் அக்கா படிவத்தில் இருவரையும் ஒரே வலைக்குள் படுக்க வைத்திருக்கிறார்.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அண்ணனின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவர், "காய்ச்சல் உண்டா?" என்று கேட்டார். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்நடுக்கம் வருகிறது, மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகிறேன், என்றார் அவர். யாரிடமும் சொல்லவில்லை. மாட்டுக்குப் பக்கத்தில் படுத்தால் வருகிற சாதாரணக் குளிர் என்று நினைத்தாராம். விரலில் குத்தி ஒரு துளி ரத்தம் எடுத்துச் சோதனைப் பட்டையில் விட்டேன். சற்று நேரத்தில் இரண்டாவது கோடு எழுந்தது. மலேரியா.

அக்கா அப்படியே மாட்டுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கும் கேலி வரவில்லை.

பதினாலு நாள் மாத்திரை. நாள் தவறாமல் விழுங்குகிறாரா என்று நேரில் பார்த்துக் குறிக்க வேண்டியது என் பொறுப்பு. ஆனால் நான் குறித்ததைவிடத் தூது சொன்னதுதான் அதிகம். இரண்டு பேரும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பார்கள்.

"மாத்திரைய முழுங்கச் சொல்லு அம்மிணி."

"முழுங்கிட்டன்னு சொல்லீரு அம்மிணி."

"நாக்க நீட்டிக் காட்டச் சொல்லு."

இதற்கிடையில் மூன்று நாட்டுக்காரர்களும் கணினித் திரையில் கூடும் மாதக் கூட்டம் வந்தது. வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர், அந்த மனிதர் வீட்டுக்கு வெளியே உறங்கியதற்கான சமூகக் காரணம் என்ன என்று கேட்டார். டாக்டர் என்னைப் பேசச் சொன்னார். எனக்கு ஆங்கிலம் அந்த நேரம் பார்த்து ஓடிப்போனது. "போர்வெல்" என்றேன். திரையில் இருந்த எல்லோரும் தலையாட்டி எழுதிக்கொண்டார்கள். பின்னால் வந்த அறிக்கையைப் பார்த்தேன்: "நிலத்தடி நீர்ப் பற்றாக்குறையின் விளைவாக ஏற்பட்ட உறங்கிட மாற்றம்." டாக்டரிடம் கேட்டதற்கு, "தெற்றொண்ணும் இல்லல்லோ, தப்பு ஒண்ணும் இல்லையே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஆனால் அதன் பிறகு எங்கள் படிவத்தில் கேள்வி மாறியது. எத்தனை வலை இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல், நேற்று யார் எங்கே படுத்தார்கள் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கினோம். அப்படிக் கேட்டபோதுதான், பந்தலிலும் களத்திலும் வண்டியிலுமாக எத்தனை பேர் வலை இல்லாமல் படுக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரிந்தது.

ஒன்பதாம் நாள் என்று நினைக்கிறேன். நான் போகச் சற்றுத் தாமதமாகிவிட்டது. அண்ணன் தானாகவே மாத்திரையை எடுத்து வாயருகே கொண்டுபோன நேரம், அடுப்படியிலிருந்து அக்கா கரண்டியோடு ஓடி வந்தார்.

"ஏனுங்க! வெறும் வயித்துலயா? வவுறு புண்ணாயிரும்! இட்லி எடுத்து வெச்சிருக்கறன், வந்து தின்னுட்டு முழுங்குங்க!"

சொல்லி முடித்த பிறகுதான் நேராகப் பேசிவிட்டது அவருக்கு உறைத்தது. அண்ணன் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், வழக்கம்போல நான் எடுத்துச் சொல்வேன் என்று. நான் குனிந்து பதிவேட்டில் எழுதுவதுபோல் இருந்தேன்.

"செரி" என்றார் அவர், அக்காவிடமே.

இட்லி எனக்கும் கிடைத்தது. நாங்கள் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து தின்றோம்.

மருந்து முடிந்து அடுத்தடுத்து எடுத்த ரத்தத்திலெல்லாம் கிருமி இல்லை. அவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எங்களுக்கு உறுதியாகத் தெரியாது. அக்கம்பக்கத்தில் எல்லோரையும் சோதித்துப் பார்த்தோம். வேறு யாருக்கும் இல்லை. அண்ணன் வீட்டுக்குள் திரும்பிவிட்டார். கடைசிச் சோதனைக்குப் போனபோது அக்கா என்னை வாசலில் நிறுத்தி, தன் கூடப்பிறந்த அண்ணன் மகனுக்குப் பெண் பார்ப்பதாகச் சொன்னார்.

"நா என்ன வேல பாக்கறன்னு சொன்னீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"சொன்னனே. ஆரு ஊட்ல ஆரு எங்க படுக்கறாங்கன்னு கண்டுபுடிக்கற புள்ளைன்னு" என்றார். அந்தக் குடும்பம் வரவே இல்லை.