நாலு மணி ரிஸ்மீனா

ரிஸ்மீனாவின் வாய்க்குத் தனியாக ஒரு வார்டு ஒதுக்கலாம். பதினெட்டு வருஷமாக மாலத்தீவின் தலைநகர் மாலேயில் நர்ஸாக இருக்கிறேன். டாக்டர், டைரக்டர் என்று யாரையும் விட்டுவைக்காத ஆயா அவள் ஒருத்திதான். என்னையும் விட்டதில்லை. "சிஸ்டர், மூஞ்சிய இப்படி வெச்சிருந்தா பொறந்த புள்ள பயந்து திரும்பி உள்ள போயிரும்" என்பாள். எரிச்சல் வரும். கூடவே சிரிப்பும் வந்து தொலைக்கும்.

குறைமாதக் குழந்தைகளின் தீவிர சிகிச்சை வார்டில் துடைப்பதும் கழுவுவதும் அவள் வேலை. நான்கு மணியானால் இன்னொரு வேலை. எங்களிடம் கிடக்கும் குழந்தைகளில் பாதிக்கு மேல் எங்கோ ஒரு தீவில் பிறந்து, விமானத்தில் ஏற்றி அனுப்பப்பட்டவை. தாய் பின்னால் வந்து சேர நாளாகும். அதனால் ரிஸ்மீனா முழங்கைவரை கைகழுவி, பிளாஸ்டிக் உறை போட்ட டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு இன்குபேட்டர் பெட்டி ஒவ்வொன்றாகப் போவாள். வீட்டாரை வீடியோவில் கூப்பிட்டுக் குழந்தையைக் காட்டுவாள். முகமூடிக்குள் இருக்கும் அவள் முகத்தைத் தீவுகளில் ஒருவரும் பார்த்ததில்லை, குரல் மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

அவளும் வடக்கே ஒரு சின்னத் தீவில் பிறந்தவள்தான். மூன்று பிள்ளைகள், துறைமுகத்தில் மூட்டை இறக்கும் புருஷன், எல்லாருக்கும் சேர்த்து ஒரே அறை. அதிலும் பகலில் கொழுந்தன் வந்து தூங்குவான். "எங்க வீட்ல சண்டை போடக்கூட இடமில்ல சிஸ்டர், அதான் இங்க வந்து போடுறேன்" என்பாள்.

குழந்தையைக் காட்டுவதற்கு நான் ஒரு விதி வைத்திருந்தேன். முன்பு ஒரு தாய் குழாய்களைப் பார்த்துவிட்டு மயங்கி விழுந்தாள். அதிலிருந்து கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தி, மூக்குக் குழாய் தெரியாதபடி ஒரு பக்கமாக, முகத்தை மட்டும் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ரிஸ்மீனாவுக்கு அது பிடிக்கவில்லை. "கல்யாணத்துக்குப் பொண்ணு காட்டுற மாதிரி இருக்கு" என்றாள். சொன்னதைச் செய் என்று வாயை அடைத்தேன்.

அப்போதுதான் தெற்கே ஒரு தீவிலிருந்து யும்னாவின் மகன் வந்தான். ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டவன், ஒரு கிலோ தொண்ணூறு கிராம். தகப்பன் நிம்ஷாத் கூடவே வந்து, சொந்தக்காரர் அறையில் ஒண்டிக்கொண்டு, தினமும் கண்ணாடிக்கு வெளியே நின்று அழுதுவிட்டுப் போவான். யும்னாவுக்கு ஏகப்பட்ட ரத்தம் போயிருந்தது. கொஞ்சம் தேறினால்தான் பயணம் என்று டாக்டர் சொல்லிவிட்டதால், அக்கா மௌஸூமா வீட்டில் படுத்திருந்தாள்.

ஐந்து நாள் கூப்பிட்டோம். ஐந்து நாளும் திரையில் மௌஸூமாதான் வந்தாள். பின்னால் தேநீர்க் கோப்பையோடு பத்துப் பேர் எட்டிப் பார்த்தார்கள். யும்னா எங்கே என்றால், தூங்குகிறாள் என்பாள்.

ஐந்தாம் நாள் ரிஸ்மீனாவுக்குப் பொறுக்கவில்லை. "தத்தா," என்றாள், அக்காவை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். "நாலு மணிக்குத் தூங்குற பொம்பளைய எந்தத் தீவுல பாத்திருக்கே? கறுப்பு டீயும் பஜியாவும் வர்ற நேரம். பொணம்கூட எழுந்து உக்காந்துரும்."

பொணம் என்ற சொல்லைக் கேட்டதும் மௌஸூமா பொலபொலவென்று அழுதுவிட்டாள். போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள்.

"அவ பாக்க மாட்டேங்குறாம்மா. புள்ள செத்துப்போச்சு, நீங்கல்லாம் நடிக்கிறீங்கன்னு சொல்றா. சோறு தண்ணி இல்ல. 'மாலேக்கு எதுக்கு வரணும், கபுர்க் குழியப் பாக்கவா?'ன்னு கேக்குறா."

"அப்படி ஏன் நெனைக்கிறா?"

மௌஸூமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். முதல் நாள் நிம்ஷாத் போட்டோ அனுப்பியிருக்கிறான். குழாயும் ஒயருமாக இருந்ததைப் பார்த்து இவளுக்கே குலை நடுங்கியிருக்கிறது. பிள்ளை பெற்ற உடம்புக்காரியிடம் இதையா காட்டுவது? தன் மகள் வயிற்றுப் பேரன் பிறந்தபோது எடுத்த போட்டோவைக் காட்டி, இதுதான் உன் மகன் என்று சொல்லிவிட்டாள். வீட்டில் எல்லாரும் ஆமாம் போட்டார்கள். நிம்ஷாத்தும் போனில், "அழகா இருக்கான், கொழுகொழுன்னு இருக்கான்" என்று ஒத்து ஊதினான்.

"அந்தப் பேரனப் பொறந்ததுலருந்து குளிப்பாட்டி வளத்தது யாரு?" என்று ரிஸ்மீனா கேட்டாள்.

"...யும்னாதான்."

"அல்லாவே! நல்லா இருக்கு உங்க மூளை."

அதோடு வைத்துவிட்டாள். அன்று ராத்திரி ஷிப்ட் மாறும்போது துணி மடித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "எனக்கும் பண்ணாங்க சிஸ்டர். ரெண்டாவது புள்ள பொறந்து எட்டாம் நாள் எங்க பப்பா மௌத்தாயிட்டாரு, அடக்கமும் பண்ணிட்டாங்க. நாப்பது நாள் ஒருத்தரும் சொல்லல. மீன் புடிக்கப் போயிருக்காருன்னு சொன்னாங்க. தெனமும் கேப்பேன், தெனமும் சிரிச்சிக்கிட்டே சொல்வாங்க. பெத்தவ உடம்பு தாங்காதுன்னு எங்க ஊர்ல அப்படித்தான். அதுக்கப்புறம் ஒருத்தர் சிரிச்சிக்கிட்டு ஒண்ணு சொன்னா எனக்கு நம்பிக்கையே வர்றதில்ல." இத்தனை வருஷம் பழகியவள் இதை அதுவரை சொன்னதில்லை. நானும் ஒரு துணியை எடுத்து மடித்தேன்.

மறுநாள் நான்கு மணிக்குக் கூப்பிட்டதும் மௌஸூமாவை அதட்டினாள். "போன யும்னா தலைமாட்டுல வெச்சிட்டு எல்லாரும் வெளிய போங்க. நீயும்தான் தத்தா. போ!"

திரையில் சுவரும், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்த ஒரு முதுகும் தெரிந்தன.

"யும்னா, நான் மாலேலேருந்து ரிஸ்மீனா. உன் மகன் பக்கத்துல நிக்கிறேன்."

"இன்னிக்கு யாரு புள்ள?" என்றது முதுகு. அந்தக் குரலில் கோபம்கூட இல்லை.

"உன் புள்ளதான். முன்னாடியே சொல்லிடுறேன், பாக்க நல்லா இல்ல."

சொல்லிவிட்டுத் துணியை உருவிவிட்டாள். பக்கத்துப் பெட்டி அருகே நின்ற நான் "ரிஸ்மீனா!" என்று கத்தினேன். ரத்தம் குறைந்த பெண், தனியாகப் படுத்திருக்கிறாள், இதைப் பார்த்து ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? பாய்ந்துபோய் டேப்பைப் பிடுங்கக் கை நீட்டினேன். அவள் முழங்கையால் என்னைத் தள்ளிவிட்டாள். ஆயா நர்ஸைத் தள்ளினாள், ஆமாம்!

"மூக்குல இருக்கிறது காத்துக் குழாய். வாயில போறது பால். கையில ஊசி குத்திக் குத்தி நீலமாயிடுச்சு, இப்ப கால்ல போட்டிருக்காங்க, பாரு. முதுகெல்லாம் முடி. தொடை என் வெரல் தடிமன்தான் இருக்கு. மாசிக் கருவாடு மாதிரி வதங்கிக் கெடக்கான்."

முதுகு மெல்லத் திரும்பியது. எண்ணெய் காணாத தலை, உள்ளே போன கண்கள். போனை எடுத்து மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டாள். மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. மயங்கிவிடப் போகிறாள் என்றே நினைத்தேன்.

"நெஞ்சு ஏன் அப்படிக் குழியுது?"

"மூச்சு விடப் பாடுபடுறான். நேத்தைக்கு இன்னிக்குக் கொஞ்சம் தேவலாம்."

"தலையில என்ன செவப்பா?"

"பொறக்கும்போது பட்ட அடி."

யும்னா பார்த்துக்கொண்டே இருந்தாள். குழந்தை ஒரு காலை உதைத்து, வாயைக் கோணி, சத்தம் வராமல் அழுதது. அவள் வாயும் அதே மாதிரி கோணியது. பிறகு அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள்:

"இவன் என் புள்ளதான். பொய் சொல்றவங்க இவ்ளோ அசிங்கமான புள்ளையக் கொண்டாந்து காட்ட மாட்டாங்க."

ரிஸ்மீனாவின் வாய் ஓய்ந்து நான் பார்த்தது அன்றுதான். டேப்பை இன்னும் நெருக்கிப் பிடித்தாள். அடியில் என் கையையும் கொடுத்துத் தாங்கிக்கொண்டேன்.

"ரிஸ்மீனா," என்றாள் யும்னா. "அவனுக்கு ஒண்ணு ஆயிட்டா, நீ சொல்வியா?"

இந்த மாதிரிக் கேள்விக்கு டாக்டர் மட்டும்தான் பதில் சொல்லலாம், எங்களுக்கு அந்த உரிமை கிடையாது. அது ரிஸ்மீனாவுக்கும் தெரியும். என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சொல்வேன்," என்றாள். "அன்னிக்கே சொல்வேன். நானே சொல்வேன்."

யும்னா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"தத்தா, ரொஷி ரொட்டி இருந்தா எடுத்துட்டு வா. மீனும் வை."