காஸ்டிக் தொட்டியில் முக்கியெடுத்த இரட்டைக்குழல்

ஊருக்கு அவள் நீலக்காரி. கணவர் போனபிறகு பழைய துப்பாக்கிகளைச் செப்பனிடும் பட்டறையை அவளும் கொழுந்தனுமாக நடத்தினார்கள். மரவேலையும் திருகாணியும் அவன் பாடு. குழல் துருப்பிடிக்காதிருக்க நீலம் எனும் கருநீலப் பூச்சை ஏற்றுவது அவள் பாடு. அமிலம் தடவி, ஈர அலமாரியில் துருப்பிடிக்க விட்டு, கொதிநீரில் போட்டு, கறுத்த துருவைக் கம்பிப் பிரஷால் தேய்த்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். வாரக்கணக்கில் இழுக்கும். "அதுக்குள்ள ஒரு புள்ளையே பெத்துடலாம் அண்ணி" என்பான் கொழுந்தன்.

அக்கா வீட்டுக்குப் போய்த் திரும்பியவளை அவன் வாயெல்லாம் பல்லாக வரவேற்றான்.

"மரக்கடைக்காரரோட இரட்டைக்குழலை நானே முடிச்சுக் குடுத்துட்டேன். ஒரே மதியம்! கண்ணாடி மாதிரி கறுப்பு!"

அவள் பையைக் கீழே போட்டாள். "எதுல போட்டே?"

"காஸ்டிக் சோடா கொதிக்கிற தொட்டியிலதான். புது மாடல் துப்பாக்கிக்கெல்லாம் அதுலதானே போடறோம்?"

"அதெல்லாம் ஒத்தைக்குழல்டா! இதுல ரெண்டு குழலையும் சேத்துப் புடிச்சிருக்கிறதே ஈயத்தால வெச்ச பத்தவைப்புதான். கொதிக்கிற காஸ்டிக் அதைத் தின்னுடும். இடுக்குல தங்கி இரும்பையும் அரிக்கும்."

அவன் முகம் செத்துவிட்டது. "இன்னிக்கே சுட்டுப் பாக்கறேன்னாரு அண்ணி."

பைக்கில் பறந்தார்கள். மரக்கடை வாசலில் இறங்கும்போதே பின்கட்டிலிருந்து ஒரு வெடிச்சத்தம். அதன்பின் வாள் அறுக்கும் ஓசைகூட இல்லை. அவள் பின்கட்டுக்கு ஓடினாள்.

மரக்கடைக்காரர் முழுசாகத்தான் நின்றார். "என்னம்மா இது, சுட்டா கையே கிறுகிறுங்குது?" என்றபடி இரண்டாம் குழலுக்குத் தயாரானார்.

"விசையிலேருந்து விரலை எடுங்க!"

தோட்டாவை உருவினாள். குழல்களைக் கழற்றி, விரலில் தொங்கவிட்டுத் தட்டினாள். மணிபோல் ஒலிக்க வேண்டியது விரிசல் விட்ட பானையாய்க் கரகரத்தது. இரு குழலையும் இணைத்து நடுவே ஓடும் பட்டையை நகத்தால் நெம்பினாள். தோல்போல் உரிந்து வந்தது. உள்ளே தங்கிக் காய்ந்த காஸ்டிக் வெள்ளைப் பொடியாய்க் கொட்டியது. அவர் அப்படியே ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பும் வழியில் கொழுந்தனிடம் கேட்டாள். "இதுக்கு முன்னாலயும் செஞ்சிருக்கியா?"

அவன் வண்டியை ஓரங்கட்டினான். "நீங்க அக்கா வீட்டுக்குப் போறப்பெல்லாம்…"

"யாருக்குடா?"

"வெளியூர்க்காரங்க. வேட்டைக்குப் போற வழியில குடுத்து வாங்கிட்டுப் போனாங்க. யாரு எவருன்னு கேக்கலை அண்ணி."

மறுநாளே தொட்டியைக் காலி செய்து கவிழ்த்தாள். விசாரித்து விசாரித்து ஒருவரை மட்டும் கண்டுபிடித்துத் துப்பாக்கியைத் திரும்ப வாங்கினாள். மற்றவை எந்தத் தோளில் சாய்ந்திருக்கின்றனவோ, தெரியவில்லை. காட்டுப்பக்கம் வெடிச்சத்தம் கேட்டால் இன்றும் அவள் பிரஷ் பாதியில் நின்றுவிடும். கூடவே அலறலும் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள்.