பெயர் ஒட்டாத கேபிள்

விளக்கு முதலில் எரிந்ததா, அடி முதலில் விழுந்ததா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. மற்றதெல்லாம் கண்ணால் பார்த்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

ஞாயிறு மதியம். ஆளில்லாத அலுவலகம். நானும் என் தங்கை புருஷனும் கம்ப்யூட்டர் கேபிள் வேலைக்குப் போயிருந்தோம். சீக்கிரம் அவரை அனுப்பிவிடு என்று தங்கை சொல்லியிருந்தாள். நிறைமாதம்.

கம்ப்யூட்டரைத் தொட்டால் சுளீரென்று அடிக்கிறது என்று மேனேஜரையும் சேர்த்து அங்கே வேலை பார்க்கும் ஏழு பேருக்கும் ஒரே புகார். கம்ப்யூட்டர்களை இணைக்கும் பழைய ஹப்பைக் கழற்றிவிட்டுப் புது ஸ்விட்ச் மாட்டச் சொன்னார் மேனேஜர். ஹப், ஒரு கேபிளில் வந்ததை எல்லாக் கேபிளுக்கும் அனுப்பிவிடும். ஸ்விட்ச் அப்படியில்லை. யாருக்கு வந்ததோ அவருக்கு மட்டும் கொடுக்கும்.

மச்சான் ஹாலில் ஒரு கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். நான் பின்னறையில். போன் ஸ்பீக்கரில்.

ஏழு கேபிளையும் ஸ்விட்சுக்கு மாற்றினேன். எட்டாவது ஒன்று மிச்சம். பெயர் ஒட்டவில்லை. சுவருக்குள் போனது.

“மச்சான், இது எங்க போகுது?”

“என் மாமியார் வீட்டுக்கு. சொருகு மச்சான், பசிக்குது.”

சொருகினேன்.

ஸ்விட்சில் இரண்டு விளக்குகள் மட்டும் துடித்தன. எட்டாவது கேபிளுடையது. மச்சான் உட்கார்ந்த கம்ப்யூட்டருடைய மூன்றாவது.

போனில்... பளார்.

“ஏய், யாருடா?”

பளார். நாற்காலி விழுந்தது.

“மச்சான்... அடிக்கிறாங்க... ஆளே இல்ல...”

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். அவன் தலை தானாகப் பின்னால் போனது. முன்னால் வந்து மேஜை விளிம்பில் மோதியது. மறுபடி போனது. மறுபடி மோதியது. ரத்தம்.

எட்டைப் பிடுங்கினேன். விளக்கு அணையவில்லை.

மூன்றைப் பிடுங்கினேன்.

அணையவில்லை...

என் கையில் கேபிள் துள்ளியது.

எல்லாவற்றையும் பழைய ஹப்பிலேயே குத்தினேன்.

நின்றது.

என் கன்னத்தில் ஒன்று விழுந்தது. லேசாக.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு மேனேஜர் வந்தார். அவர் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. மச்சானைப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“முன்னாடி ஒரு கேபிள்காரன் வந்தான். திருடன்னு நினைச்சுட்டோம்...”

“செத்துட்டானா?”

“ஏழு பேருங்க. ஆளுக்கு ஒரு அடிதான் போட்டோம்.”

பிறகு சுவரை உடைத்துப் பார்த்தார்கள். எட்டாவது கேபிள் ஒரு முழத்திலேயே முடிந்திருந்தது. மறுமுனையில் எதுவும் இல்லை. அந்தக் கேபிள்காரன் பாதியில் விட்ட வேலை.

மச்சான் அடிபட்ட மறுநாளே குழந்தை பிறந்தது. மச்சான் அதை ஒற்றைக் கண்ணால்தான் பார்த்தான். தங்கை அவனை இந்த வேலைக்கு விடுவதில்லை. நான் இன்னும் கேபிள் இழுக்கிறேன். அந்த ஏழு பேரும் அங்கேயேதான் வேலை பார்க்கிறார்கள். ஹப்பை மாற்ற யாரையும் கூப்பிடவில்லை.