மேலிருந்து கீழே படித்த காய்ச்சல்

அண்ணா மேல்படிப்புக்கு அமெரிக்கா போனபோது தொண்ணூறுகள் முடியும் தறுவாயில் இருந்தன. முதலில் கடிதம் போட்டான், பிறகு ஈமெயில். ஒருநாள் அதுவும் நின்றது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத நேரமில்லை, இணையத்தில் எனக்கென்று ஒரு பக்கம் வைத்து டைரி எழுதுகிறேன், எல்லாரும் அங்கே வந்து படித்துக்கொள்ளுங்கள் என்று முகவரியை மட்டும் அனுப்பியிருந்தான். பின்னாளில் வலைப்பதிவு என்று பெயர் வந்ததே, அதுதான். அப்போது எங்களுக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது.

"டைரின்னா யாரும் படிக்கக்கூடாதுன்னுதானே எழுதறது? இவன் வந்து படிங்கோன்னு கூப்பிடறானே?" என்றார் அப்பா.

மந்தைவெளியில் புதிதாகத் திறந்திருந்த பிரவுசிங் சென்டருக்கு அவரை அழைத்துப் போனேன். பக்கம் அசைந்து அசைந்து திரையில் இறங்கி முடிப்பதற்குள் எங்கள் நேரம் தீர்ந்துவிட்டது.

"பிரிண்ட் எட்துனு போய் ஊட்ல படி சார். அடுத்த ஆளு வெயிட் பண்ணிக்கினு கீறாரு" என்றார் கடைக்காரர்.

வீட்டில் அப்பா அந்த ஆங்கிலத்தைத் தமிழாக்கி அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். முதலில், உடம்பு தேவலை, ரசம் வைத்துச் சாப்பிட்டேன் என்று இருந்தது. அடுத்து, ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். அதற்கடுத்து, கடும் காய்ச்சல். கடைசியில், நண்பர்களோடு ஏரிக்குப் போய் மழையில் நனைந்தோம்.

"அத்தனை ஜுரத்தோட ஏரிக்கு எதுக்குப் போனான்?" என்று அம்மா அழ ஆரம்பித்தாள்.

தேதியைப் பார்த்தால் தெளியும் என்று காகிதத்தை வாங்கினேன். காய்ச்சல் என்று எழுதியதற்கு மேலே 11/3 என்று இருந்தது. மார்ச் பதினொன்றில் அவன் இன்னும் அமெரிக்காவுக்கே கிளம்பவில்லை, இந்த வீட்டில்தான் இருந்தான்.

அப்பாவும் நானும் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினோம். அமெரிக்காவில் அப்போது விடிந்தும் விடியாத நேரம். தூக்கக் கலக்கத்தில் எடுத்த அண்ணா, விஷயத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டான்.

"புதுசா எழுதறது எப்பவும் மேல வரும்பா, பழசு கீழ போயிடும். நீங்க கீழேர்ந்து படிச்சிருக்கணும். அப்புறம், இங்க மாசத்தைத்தான் முதல்ல போடுவா, அது நவம்பர் மூணு."

"அப்போ இப்போ நன்னாதானே இருக்கே?"

"நன்னா இருக்கேம்பா."

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மாவுக்கு நிம்மதி வந்தது, கூடவே கோபமும். "நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கான்."

அடுத்த முறை போனபோது பக்கத்தின் அடிவரைக்கும் பார்த்தோம். படித்தவர்கள் கருத்து எழுத அங்கே ஓர் இடம் இருந்தது. முன்பின் தெரியாத யார் யாரோ இஞ்சி போட்டுக் குடி, ஓய்வெடு என்று எழுதியிருந்தார்கள். அப்பா ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார்: நான் இவனுடைய தகப்பனார், உங்கள் எல்லாருக்கும் நன்றி.

மறுவாரம் அதற்குக் கீழே ஒருவர், உங்கள் ஊரில் இப்போது மழையா என்று கேட்டிருந்தார். பெயர் இல்லை, ஊர் இல்லை.

அப்பா என் பக்கம் திரும்பினார். "இவர் ஆணா பெண்ணா, என்ன வயசு, ஒண்ணும் தெரியலையே. என்னன்னு கூப்பிட்டு எழுதறது?"

கடைசியில் அப்பா யாரையும் கூப்பிடாமல், மயிலாப்பூரில் காலையிலிருந்து தூறல் என்று மட்டும் எழுதினார்.