இராணுவப் பச்சையில் ஒரு பை

என் மனைவியின் தம்பி கனடாவிலிருந்து வந்து இறங்கிய அன்றே என் பையைப் பார்த்துச் சிரித்தான். விறாந்தையில் கதிரையில் இருந்தபடி, சுவரில் தொங்கிய அதைக் காலால் ஒருமுறை தட்டினான்.

"அத்தான், உது எந்தக் காலத்துச் சாமான்? மியூசியத்தில குடுத்தா வாங்குவாங்கள்."

அது தடித்த கன்வஸில் தைத்த பழைய இராணுவ முதுகுப் பை. புள்ளி போட்டதல்ல, வெறும் பச்சை. வெயிலிலும் உப்புக் காற்றிலும் கிடந்து காய்ந்த பாசியின் நிறத்துக்கு வந்திருந்தது. இழுத்து மூடும் சிப் கிடையாது. பித்தளைக் கொளுக்கியும் அகலமான வாரும்தான். அதோடு துணியுறை போட்ட தண்ணீர்ப் போத்தல் ஒன்றும் ரப்பர் பூசிய விரிப்பு ஒன்றும் என்னிடம் இருந்தன. உறையை நனைத்து விட்டால் போத்தல் தண்ணீர் மத்தியானம் வரைக்கும் குளிர்ந்திருக்கும். விரிப்பை மழைக்குப் போர்த்தலாம், சேற்றில் விரித்து இருக்கலாம்.

நான் நகரத்தில் ஓர்ஸ் ஹில் என்ற இடத்தில் இருக்கும் ஒரு நில அளவையாளரிடம் வேலை செய்கிறவன். காணி அளக்கப் போகும் இடத்தில் பற்றை வெட்டுவது, கருவி சுமப்பது, எல்லைக்கல் நாட்டுவது என் வேலை. ஆரம்பத்தில் நானும் சந்தையில் ஒரு கறுப்புப் பை வாங்கினேன். பத்துப் பன்னிரண்டு சின்னப் பைகள் அதன் மேலேயே தைத்திருந்தன. படங்களில் வரும் கொமாண்டோக்காரன் போல எனக்கே ஒரு நினைப்பு. முதல் மாரியிலேயே சிப்பில் மணல் ஏறி இறுகிவிட்டது. அதோடு வாங்கிய சப்பாத்து, உப்பளத்துப் பக்கம் நடந்த ஒரே கிழமையில் அடி கழன்று வாயைப் பிளந்தது.

அப்போது எங்கள் வாகனத்தை ஓட்டியவர் கந்தளாயைச் சேர்ந்த ஒரு சிங்களவர். இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். என்னை 'மல்லி' என்றுதான் கூப்பிடுவார், தம்பி என்று அர்த்தம். நான் அவரைச் சாரதி ஐயா என்பேன். பிளந்த சப்பாத்தை நான் கயிற்றால் கட்டிக் கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மல்லி, இது எல்லாம் போட்டோவுக்கு நல்லம். காட்டுக்குச் சரி இல்ல."

அடுத்த கிழமை தன் வீட்டில் சும்மா கிடந்தவற்றை ஒரு சீனிச் சாக்கில் போட்டுக் கொண்டு வந்து தந்தார். பையும் போத்தலும் விரிப்பும், மெழுகுக் காகிதத்தில் சுற்றிய காயக்கட்டு ஒன்றும். காயத்தை எப்படிக் கட்டுவது, முறிந்த காலுக்கு எப்படித் தடி வைப்பது என்றும் சொல்லித் தந்தார். பையின் வாரை முழுதாகத் தளர்த்தி அதற்குள் ஒரு ஆளின் கால்களை விட்டு எப்படி முதுகில் தூக்குவது என்று, அளவைக் கல் ஒன்றுக்குப் பக்கத்தில் என்னையே தூக்கிக் காட்டினார். நாங்கள் இருவரும் சிரித்தோம்.

என் மனைவி சிரிக்கவில்லை.

"உதை வீட்டுக்குள்ள வைக்காதேங்கோ" என்றாள். "எங்கட சின்னையாவை எதுக்குக் கொண்டு போனவங்கள் எண்டு தெரியுந்தானே?"

தெரியும். ஒரு சோடி இராணுவச் சப்பாத்துக்காக. யாரோ வீதியில் எறிந்து விட்டுப் போனதை அவர் வயலுக்குப் போட எடுத்து வந்தார். இராணுவம் ஊரைச் சுற்றிவளைத்த அன்று அது வாசலில் இருந்தது. சப்பாத்தையும் கொண்டு போனார்கள், அவரையும் கொண்டு போனார்கள்.

"அதெல்லாம் அந்தக் காலம்" என்று சொன்னேன். பையின் மூடியில் வெள்ளை மையால் அடித்திருந்த இலக்கத்தை மட்டும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். முழுக்கப் போகவில்லை. பிறகு பல வருடம் அந்தப் பை என்னோடு காடு முழுக்க வந்தது. ஒரு பிரச்சினையும் வரவில்லை.

மச்சான் கொண்டு வந்த பை வேறு விதம். பச்சையும் மண்நிறமும் கறுப்புமாகப் புள்ளி போட்ட, இராணுவ மாதிரியில் தைத்த பெரிய 'டக்டிகல்' பை. வாங்கிய விலைச் சீட்டைக்கூட அவன் கழற்றி எறியவில்லை. முழங்காலுக்கு மெத்தை வைத்த காற்சட்டை, விரல் வெட்டிய கையுறை, பக்கத்தில் சிப் வைத்த உயரச் சப்பாத்து. எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி வைத்துப் படம் எடுத்தான்.

"தம்பி, உந்தப் புள்ளிப் பையை இஞ்ச வெளியில தூக்காதை" என்றாள் என் மனைவி. "இஞ்ச சனம் உது போடேலாது, சட்டம்."

"இது ஆமிச் சாமான் இல்லை அக்கா. பேஷன். எயார்போட்டிலயே ஒருத்தரும் கேக்கேல்லை."

அவன் வந்தது திரியாயில் இருக்கும் தகப்பனின் காணியைப் பார்க்க. அவன் நடக்கப் பழகிய வயதில் சண்டைக்குப் பயந்து குடும்பம் அங்கிருந்து ஓடியது. காணி ஊருக்குள் இல்லை, வயலையும் தாண்டிப் பற்றைக்காட்டு ஓரத்தில் இருக்கிறது. தடம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மாரி காலம், கொஞ்சம் பொறுத்துப் போவோம் என்றேன். அவனுக்கு லீவு முடிகிறது. போவோம் அத்தான், போவோம் என்று நின்றான்.

காலையில் வெளிக்கிட்டோம். ஊர்வரைக்கும் பஸ், பிறகு நடை. வீதியில் இருந்து காட்டுப் பாதை பிரியும் இடத்தில் ஒரு சின்ன இராணுவக் காவலரண் உண்டு. அந்த நேரம் மழை தூறியதால் காவலில் நின்ற சிப்பாய் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான். மச்சான் வழி நெடுகப் போனைக் கையில் பிடித்துக் கதைத்துக்கொண்டே வந்தான். கனடாவில் உள்ள கூட்டாளிகளுக்குக் காட்டவாம். என்னை ஒரு இடத்தில் நிற்பாட்டி, "அத்தான், அந்தப் பையைக் கழட்டி வையுங்கோ, வீடியோவில அசிங்கமாத் தெரியுது" என்றான். கழற்றி ஒரு பாலை மரத்தடியில் வைத்தேன். எடுத்து முடிந்ததும் மறுபடி போட்டுக்கொண்டேன்.

காணியில் பார்க்க ஒன்றும் இல்லை. கிணற்றுக் கட்டு மட்டும் இடிந்து கிடந்தது. அவன் அதன் மேல் ஏறி நின்று அழுதான். உண்மையாகத்தான் அழுதான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதற்கு இப்போது என்ன விலை போகும் என்று கேட்டான்.

திரும்பும்போது மழை பிடித்தது. போகும்போது கணுக்கால் அளவு ஓடிய வாய்க்கால், வரும்போது முழங்காலுக்கு மேல் ஓடியது. நான் முன்னால் இறங்கித் தடியால் குத்திப் பார்த்து, "என்ர பின்னால வா, கல்லில காலை வையாதை" என்றேன். அவன் கல்லில்தான் வைத்தான். சப்பாத்தின் சிப் எப்போதோ அறுந்து சேறு நிரம்பியிருந்திருக்கிறது. வழுக்கிய காலை இழுக்க முடியாமல் அப்படியே பக்கவாட்டில் விழுந்தான். நான் போய்த் தூக்கியபோது கணுக்கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது. கெண்டைக்கால் கிழிந்து இரத்தம் தண்ணீரோடு போனது.

அவனுடைய பையில் சிவப்புச் சிலுவை ஒட்டிய ஒரு சின்னப் பை இருந்தது. பாய்ந்து திறந்தேன். உள்ளே போன் சார்ஜரும் பற்றரியும். மருந்து ஒன்றும் இல்லை.

"மருந்துப் பெட்டி எங்க?"

"அது தனியா வாங்கோணும் அத்தான்" என்று முனகினான்.

என் பையில் இருந்த காயக்கட்டை எடுத்து இறுக்கிக் கட்டினேன். இரண்டு தடியை வெட்டிக் காலுக்கு அணை கொடுத்தேன். பையை வெறுமையாக்கி, போத்தலை இடுப்பில் கொளுவி, வாரைத் தளர்த்தி, அவனை உட்கார வைத்து முதுகில் ஏற்றினேன். விரிப்பை இரண்டு பேருக்கும் சேர்த்துப் போர்த்தினேன். அவனுடைய பையை அங்கேயே விட்டுவிட்டு வருவோம், நாளைக்கு வந்து எடுப்பேன் என்றேன். மாட்டேன் என்றான். அதற்குள் கமெரா இருக்கிறதாம். அதையும் அவனே தன் முதுகில் போட்டுக்கொண்டான். நான் அவனையும் சுமந்தேன், அதையும் சுமந்தேன்.

அவன் பாரமான ஆள். வயல் வரம்பில் இரண்டு தரம் முழங்காலில் விழுந்தேன். ஒவ்வொரு முறையும் அவன் என் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அத்தான், என்னை விட்டிட்டுப் போயிடாதேங்கோ" என்று அழுதான். "விசரே, உன்னை விட்டிட்டு எங்க போறது?" என்று ஏசிக்கொண்டே எழும்பினேன். அந்த நேரம் எனக்கு அவன் மேல் கோபம் இல்லை. என் மனைவியின் கையில் வளர்ந்த பிள்ளை என்று மட்டும் நினைத்தேன்.

வீதிக்கு வந்ததும் காவலரணில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். நல்ல பெடியங்கள். ஒருவன் தண்ணீர் கொடுத்தான், ஒருவன் காலைப் பார்த்தான். வாகனத்துக்குச் சொன்னார்கள். வாகனத்தோடு அதிகாரி ஒருவரும் வந்து இறங்கினார். அவர் முதலில் மச்சானின் புள்ளிப் பையைப் பார்த்தார். மச்சான் உடனே கனேடியப் பாஸ்போட்டை எடுத்து நீட்டினான். அதிகாரியின் முகம் தளர்ந்தது. சேர், இந்த நாட்டில் இதைப் பாவிக்கக்கூடாது, இனிமேல் வெளியில் எடுக்காதீர்கள் என்று ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொன்னார். பையை ஒரு உரப்பையில் சுற்றி மச்சானிடமே கொடுக்கச் சொன்னார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். மழையில் நனைந்த கன்வஸில் அந்த வெள்ளை இலக்கம் தெளிவாகத் தெரிந்தது. விரிப்பைப் புரட்டினார். போத்தலைத் தூக்கிப் பார்த்தார். மச்சானின் காலில் நான் கட்டிய கட்டைக் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"இது எங்க படிச்ச?" என்று தமிழில் கேட்டார்.

 சாரதி ஐயாவின் பெயரைச் சொன்னால் அவருக்கு என்ன வருமோ என்று பயம்.

"யாரு டிரெய்னிங் குடுத்த? எந்தக் காம்ப்?"

"நான் ஒரு காம்பிலயும் இருக்கேல்லை, சேர். காணி அளக்கிற இடத்தில வேலை."

அவர் நம்பவில்லை. வாகனத்தின் பின்சீட்டில் காலை நீட்டி இருந்த மச்சானிடம் ஆங்கிலத்தில் கேட்டார். இந்த ஆள் உங்களுக்கு யார்? இந்தச் சாமான்கள் இவருக்கு எங்கிருந்து வந்தன?

எனக்கு ஆங்கிலம் பேச வராது, கேட்டால் விளங்கும். மச்சான் என்னைப் பார்க்காமல் பதில் சொன்னான். நான் கனேடியப் பிரஜை, விடுமுறைக்கு வந்தவன், எனக்கு ஒன்றும் தெரியாது. இந்த ஆள் எனக்கு வழிகாட்ட வந்த கைட்.

கைட்! அவன் வாயில் வந்த சொல் அதுதான். என் கழுத்தில் அவனுடைய கை பிடித்த இடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். என்னைப் பொலிசுக்குக் கொண்டு போனார்கள். அங்கே அடிக்கவில்லை. ஆனால் கேள்வி கேட்டார்கள். எந்த வருடம் எங்கே இருந்தாய், அண்ணன் தம்பி யார் யார் எங்கே, கட்டுப் போடக் கற்றுத் தந்தது யார். திருப்பித் திருப்பிக் கேட்டதில் என் வாழ்க்கை எனக்கே பொய் போலத் தோன்றியது. அன்றிரவு அங்கே ஒரு மர வாங்கிலேயே இருத்தி வைத்தார்கள்.

மனைவி ஆஸ்பத்திரியில் தம்பியிடம் போய்க் கெஞ்சியிருக்கிறாள். "பொலிசுக்கு ஒரு போன் எடுத்து இவர் என்ர அத்தான் எண்டு சொல்லு. அவ்வளவுதான்." அவன் சொன்னானாம்: "அக்கா, நான் இதுக்குள்ள மாட்டினா என்னைத் திரும்பிப் போக விடாங்கள். உங்களுக்கு விளங்காது."

அவள் வேறு வழியில்லாமல் கந்தளாய்க்குப் போன் எடுத்தாள். மறுநாள் காலையில் சாரதி ஐயா தோய்த்து மினுக்கிய வெள்ளைச் சேட்டோடு மோட்டார் சைக்கிளில் வந்தார். சாமான் என்னுடையது, கொடுத்தது நான், கட்டுப் போடக் கற்றுக் கொடுத்ததும் நான் என்று சொன்னார். அவருடைய வயதில் பாதிகூட இல்லாத பொலிஸ்காரர் ஒருவர் அவரை நிற்க வைத்து ஏசினார். அரச சொத்தை இந்த ஆட்களிடமா கொடுத்தாய் என்று கேட்டது எனக்குச் சிங்களத்திலும் விளங்கியது. அவர் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். என்னை விட்டார்கள். சாமான்களை விடவில்லை.

வெளியே வந்ததும் அவருடைய கையைப் பிடித்தேன். "மன்னியுங்கோ" என்றேன்.

"பரவாயில்ல மல்லி" என்றார். ஆனால் கையை விலக்கிக்கொண்டார். அதன் பிறகு என்னோடு கதைப்பது குறைந்தது. கொஞ்ச நாளில் வேறு இடத்துக்கு வேலைக்குப் போய்விட்டார்.

என்னை அளவையாளர் கூப்பிட்டு, கொஞ்ச நாளைக்கு வெளிவேலைக்கு வர வேண்டாம், பிறகு பார்ப்போம் என்றார். இரண்டு மாதம் வீட்டில் இருந்தேன். மச்சான் காலில் மாவுக்கட்டோடு திரும்பிப் போனான். போகிற அன்று நான் சந்தைக்குப் போய்விட்டேன். அவன் போட்ட வீடியோவை மனைவி பார்த்தாள், எனக்குக் காட்டவில்லை. நானாகத்தான் தேடிப் பார்த்தேன். காடு, மழை, கிணறு, உடைந்த கால். கனடாவில் உள்ளவர்கள் அவனுடைய துணிவைப் புகழ்ந்திருந்தார்கள். அதில் நான் ஒரு இடத்திலும் இல்லை.

பங்குனியில் போன் எடுத்தான். காணிக்கு ஒருவர் ஆசைப்படுகிறாராம். எல்லையை நடந்து காட்ட வேண்டுமாம்.

"அத்தான், நீங்கள் ஒருக்காப் போய் வந்தா..."

"ஏலாது" என்றேன்.

"இன்னும் கோவமோ? அந்த இடத்தில நான் வேற என்னத்தைச் சொல்லுறது?"

போனை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போனேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு, "சாப்பிட்டியோ?" என்று தம்பியிடம் கேட்டாள். அது எனக்குக் கசந்தது. ஆனால் அவளுக்கு அவன் ஒருவன்தான் மிச்சம்.

இப்போது மறுபடி வேலைக்குப் போகிறேன். பச்சையில் ஒன்றும் கொண்டு வரக்கூடாது என்பது அளவையாளரின் கட்டளை. சந்தையில் கிண்ணியாக்காரர் ஒருவரின் கடையில் பள்ளிக்கூடப் பை ஒன்று வாங்கினேன், நீலம். போன கிழமை புல்மோட்டைப் பக்கம் அதன் வார் அறுந்தது. கருவிப் பெட்டியைத் தோளிலும் பையை நெஞ்சோடு அணைத்தும் நடந்தேன். கொழும்பிலிருந்து வந்த இளம் பொறியியலாளர்கள் மெத்தை வைத்த காற்சட்டையோடு முன்னால் போனார்கள். காவலரணில் அவர்களைப் போகச் சொல்லிக் கை காட்டினார்கள். என்னை நிற்பாட்டி, பைக்குள் என்ன என்று கேட்டார்கள்.