வேட்பாளருக்கு வாசித்த ஓலை

சாந்தோமில் ஸ்தனிஸ்லாஸ் குரல் கேட்காமல் நடந்த கல்யாணம் ரொம்பக் கொஞ்சம். எனக்கு மச்சான் முறை. என் பெரியப்பா மகள் ஜெபமேரியைக் கட்டியவரின் கடைசித் தம்பி. எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டாலும் தொண்டை மட்டும் கோயில் மணி மாதிரி. அதை வைத்தே முப்பத்தெட்டு வருஷம் மாதா கோயிலில் சாமியாருக்கு உதவியாக, ஜெபமும் அறிவிப்பும் வாசிக்கிற உபதேசியாராக இருந்துவிட்டான்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பது எங்கள் வழக்கம். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதாவது அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவியுங்கள் என்று. அதை இவன்தான் வாசிப்பான். என் மூத்தவள் ஓலையும் இவன் வாசித்ததுதான். அத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் தடை வந்தது. ராயபுரத்து மாப்பிள்ளைக்குத் தூத்துக்குடியில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது.

வேலையை விட்ட பிறகு அவனும் அவன் பெண்சாதி மர்சலினும் எங்கள் வீடு இருக்கிற கடற்கரைப் பக்கச் சந்தில் ஒண்டிக் குடித்தனம். அடுத்த வாசல் ஷகீலா, தையல்காரி. கோயில் பாடகர் குழுவுக்கு அங்கி தைப்பதுகூட அவள்தான். அவள் புருஷன் கலீமுல்லா சோபாவுக்கும் கார் சீட்டுக்கும் உறை தைப்பவர். ஒரே மகள் தூபா. அவள் நிக்காஹுக்கு என்று ஷகீலா மயிலாப்பூர் போகிற வழியில் இருந்த ஒரு நகைக்கடையில் மாதச் சேமிப்பு கட்டிக்கொண்டு வந்தாள். பதினோரு மாதம் கட்டினால் நகை. பத்தாவது மாதம் கட்டிவிட்டு வந்த வாரமே கடை ஷட்டர் இறங்கிவிட்டது. முதலாளியைக் காணோம். எங்கள் சந்தில் மட்டும் பதினான்கு வீடு அதில் மாட்டியது. நிக்காஹ் தள்ளிப்போயிற்று.

அப்போது பார்த்து எலெக்‌ஷன் வந்தது. வேட்பாளர் வேதாந்தம் கைகூப்பிக்கொண்டு சந்துக்குள் வந்தார். ஷகீலா சேமிப்புக் கார்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டாள். அவர் அங்கேயே இரண்டு வாக்குக் கொடுத்தார். ஜெயித்த ஒரு வாரத்தில் பதினான்கு வீட்டையும் தானே போலீஸுக்கு அழைத்துப்போய்ப் புகார் எழுத வைப்பார். முதல் சட்டசபைக் கூட்டத்திலேயே, சீட்டோ சேமிப்போ நடத்துகிற எந்தக் கடையும் அரசாங்கத்தில் பதிந்து, அந்த நம்பரை வாசலில் மாட்ட வேண்டும் என்று சட்டம் கேட்பார்.

அதை எழுதித் தரச் சொன்னான் ஸ்தனிஸ்லாஸ். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். மர்சலின் காலண்டர் தாளைக் கிழித்துக் கொடுத்தாள். வெயிலில் நின்ற களைப்போ என்னவோ, வேதாந்தம் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

அவர் போன பிறகு ஷகீலா சொன்னாள். “எழுதிக் குடுத்தா இன்னா உபதேசியாரே. கடக்காரனுந்தான் கார்டு எழுதிக் குடுத்தான்.”

அது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. பெட்டியில் கிடக்கிற தாளை யார் கேட்பார்கள், பத்துப் பேர் காதில் விழுந்த வாக்கைத்தான் இல்லை என்று சொல்ல முடியாது என்று மர்சலினிடம் சொன்னான். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து சனங்கள் கறி வாங்கிக்கொண்டு திரும்பும் நேரம் பார்த்து, சந்து முனையில் நின்று வாசித்தான். வேதாந்தத்தின் அப்பா பெயர், தெருப் பெயர் எல்லாம் சேர்த்து, கோயிலில் வாசிக்கிற அதே ராகம். வாக்கு இரண்டையும் வாசித்து முடித்தவன், பழக்க தோஷத்தில், “இத்திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும்” என்று சேர்த்து வாசித்துவிட்டான்.

சந்தே சிரித்தது. மர்சலின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பொண்ணு யாரு உபதேசியாரே என்று மீன்காரி கேட்டாள்.

இரண்டாம் ஞாயிறு, அந்தக் கடைசி வரியைக் கேட்பதற்கென்றே கூட்டம் கூடியது. இவனும் விடவில்லை, வேண்டுமென்றே வாசித்தான். மூன்றாம் ஞாயிறும் வாசித்துவிட்டுத் தாளை மடித்தான். சிரிப்பு அடங்குவதற்குள் பின்னாலிருந்து கலீமுல்லா கையைத் தூக்கினார்.

“தடை ஒண்ணு கீது, உபதேசியாரே.”

விளையாட்டு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஷகீலாதான் புருஷன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். அந்த நகைக்கடைக்குச் சோபா தைத்துக் கொடுத்ததே கலீமுல்லாதான். அளவெடுக்கப் போன அன்றைக்குக் கட்டடத்துக்காரர் வந்து வாடகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதைப் பார்த்திருக்கிறார். அந்தக் கட்டடத்துக்காரர் வேதாந்தத்தின் மைத்துனர். பெரிய இடம், நம் பேச்சு எடுபடாது என்று கலீமுல்லா இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்று வாரமாகத் தடை அறிந்தவர்கள், தடை அறிந்தவர்கள் என்று காதில் விழுந்துகொண்டே இருந்ததில் மனிதருக்குச் சோறு இறங்கவில்லையாம்.

சேதி அன்றைக்குச் சாயங்காலமே வேதாந்தத்துக்குப் போய்விட்டது. அவரே வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, “என்ன பெரியவரே, எனக்குக் கல்யாணம் பண்ணி வெக்கிறீங்களாமே” என்றார்.

“ஓலை வாசிச்சிட்டேன் சார். நடுவுல ஒரு தடை வந்துட்டுது. அத்தத் தீத்தாத்தான் தாலி.”

கலீமுல்லா பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். வேதாந்தம் டீயைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு வெளியே போய் மைத்துனருக்குப் போன் பண்ணினார். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. மைத்துனருக்குக் கடையில் பங்கு கிடையாது. ஆனால் பத்து மாத வாடகை அட்வான்ஸ் இன்னும் அவரிடமே இருக்கிறது. கடைக்காரன் ஓடிப்போனான், கேட்க ஆளில்லை என்று சும்மா இருந்துவிட்டார். நம் ஊரில் வீட்டுக்காரரிடமிருந்து அட்வான்ஸ் திரும்புவது சுலபமா என்ன.

“அது அவன் பணமும் இல்ல, கடைக்காரன் பணமும் இல்ல. இவங்களோடது” என்றார் வேதாந்தம். அந்தத் தாளை வாங்கி மூன்றாவது வரியாக, மைத்துனரை அதிகாரிகள் முன்னால் கொண்டுவந்து அட்வான்ஸை ஒப்படைக்க வைப்பதாக எழுதினார். எழுதிவிட்டு, இதையும் மூன்று தடவை வாசிப்பீர்களா என்று கேட்டார்.

“புது ஓலைன்னா புதுசா மூணு ஞாயிறு சார். ஓட்டுக்கு முன்னாடி ஒண்ணுதான் வருது. மிச்சம் ரெண்ட நீங்க ஜெயிச்சப்புறம் வாசிக்கிறேன்.”

வேதாந்தம் ஜெயித்தார். ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று, ஆளையே காணோம். இவன் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கார்டோடு பதினான்கு வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு, எம்.எல்.ஏ. ஆபீஸ் வாசலில் போய் நின்று வாசித்தான். சண்டையும் இல்லை, கூச்சலும் இல்லை. வெறும் ஓலை. அடுத்த ஞாயிறு போனபோது வேதாந்தமே வெளியே வந்து கடைசிவரை நின்று கேட்டார். மறுநாள் புகார் எழுதப்பட்டது. மைத்துனரும் வந்து அட்வான்ஸை ஒப்படைப்பதாகக் கையெழுத்துப் போட்டார். அலைந்து திரிந்து ஒரு வருஷம் ஆயிற்று. கட்டியவர்களுக்குப் பாதிப் பாதி கைக்கு வந்தது. சட்டசபையிலும் கேட்டுவிட்டார். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்ததாம். சட்டம் இன்னும் வரவில்லை.

நோன்பு முடிந்து தூபாவுக்கு நிக்காஹ் நடந்தது. ஷகீலா நினைத்தது கழுத்துக்குச் சங்கிலி. வந்த பணத்துக்குக் காதுக்குக் கம்மல்தான் ஆயிற்று. ஆனாலும் வந்தவர்களிடமெல்லாம் மகள் முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள், கம்மல் தெரியட்டும் என்று.

வேதாந்தமும் வந்திருந்தார். அவருக்கென்று காய்கறி பிரியாணி தனியாகச் செய்திருந்தார்கள். முதல் கவளம் வாய்க்குப் போகும்போது எதிர் நாற்காலியில் ஸ்தனிஸ்லாஸ் வந்து உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்து அந்தக் காலண்டர் தாளை எடுத்துப் பிரித்தான். மூன்று வரியில் இரண்டை அடித்திருந்தான். ஒன்று பாக்கி.

“தெரியுது பெரியவரே. அடுத்த கூட்டத்துலயும் கேக்குறேன். இத மட்டும் சாப்பிட்டு முடிச்சிக்கிறேன்” என்றார் வேதாந்தம்.

“நிதானமா சாப்பிடுங்க சார்” என்றான் இவன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் மர்சலினுக்கும் இன்னும் கொஞ்சம் கத்தரிக்காய் போடச் சொல்லிக் கலீமுல்லாவைக் கைதட்டிக் கூப்பிட்டான்.